சேர்வராயன் மலையில் பாம்பும் பாம்புக்கடியும்: சிறு ஆய்வு செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் பருவம் வந்துவிட்டால் சேலத்துக் கல்லூரிப் பிள்ளைகளின் கண் சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காட்டுப் பக்கம் போகும். விலங்கியல் முதுகலை, நர்சிங், சமூகப்பணி என்று எந்தத் துறையானாலும் அப்படித்தான். அவர்களில் பாம்பையும் பாம்புக்கடியையும் எடுத்துக்கொள்பவர்களுக்கு வழி சொல்லும் வேலை பல வருடமாக என்னிடம் வந்து சேர்கிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். உங்களிடம் இருப்பது ஆறு மாதம், கொஞ்சம் கைக்காசு, வார இறுதி நாட்கள், அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

எத்தனையோ தலைப்பு இருக்க, பாம்பு எதற்கு?

விலங்கியல் துறையும் நர்சிங் துறையும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டிய ஒரு பிராணி இந்த மாவட்டத்தில் உண்டென்றால் அது பாம்புதான். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது ஒரு பெரிய ஆய்வின் மதிப்பீடு. வருடத்துக்குச் சராசரி 58,000 பேர். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு இதற்கென்று ஒரு தேசிய செயல்திட்டம் வெளியிட்டது. 2030-க்குள் சாவைப் பாதியாகக் குறைப்பது அதன் இலக்கு. அதே வருடம் நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற பேதம் இல்லாமல் கடிபட்டு வருபவர்களைப் பற்றி சுகாதாரத் துறைக்குத் தகவல் தர வேண்டும்.

சரி, எண்ணிக்கை இனி ஓரளவு கிடைக்கும். ஆனால் கடிபட்ட இடத்திலிருந்து மருத்துவமனைக் கட்டில் வரைக்குமான அந்தச் சில மணி நேரத்தில் என்ன நடந்தது என்பது எந்தப் படிவத்திலும் ஏறாது. எந்தப் பாம்பு, மலையில் எந்த உயரம், காப்பித் தோட்டமா வீட்டுத் திண்ணையா என்பதும் முழுசாக ஏறாது. இவற்றைச் சின்ன ஆய்வுதான் சொல்ல முடியும். ஒரு சரிவு, ஒரு சாலை, ஒரு சுகாதார நிலையம் என்று சுருக்கிக்கொண்டால் ஒரே ஒரு மாணவியால்கூட உருப்படியான ஒன்றைக் கண்டுபிடித்துவிட முடியும். 'சேலம் மாவட்டத்தில் பாம்புக்கடி: ஓர் ஆய்வு' என்று தலைப்பு வைத்தால் யாராலும் முடியாது.

சேர்வராயனில் அப்படி என்ன பாம்புகள் இருக்கின்றன?

சேலம் ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டரில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். முப்பது கிலோமீட்டருக்குள் முள்காடு, மூங்கில், சோலை, காப்பித் தோட்டம் என்று எல்லாமே மாறிவிடும். பாம்புகளும் மாறும்.

நாட்டில் அதிகமானவர்களைக் கொல்லும் நான்கு பாம்புகளான நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவை நம் மாவட்டத்திலும் உண்டு. நமக்குக் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து இந்த நான்கின் நஞ்சையும் முறிப்பதற்காகவே செய்யப்படுவது. குதிரைக்குச் சிறுகச் சிறுக நஞ்சைச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்துச் செய்கிறார்கள். அதற்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதியை மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தருகிறது. 1978 முதல் நடக்கும் வேலை அது.

மலை ஏற ஏறக் கதை வேறு. மேலே மூங்கில் விரியன் இருக்கிறது. பச்சை நிறம், முக்கோணத் தலை, கிளையோடு கிளையாக ஒட்டிக் கிடக்கும். கடித்தால் கடுமையான வலியும் வீக்கமும் வரும், உயிர் போவது அபூர்வம். நம் கையில் இருக்கும் மருந்து இந்தப் பாம்புக்காகச் செய்யப்பட்டதல்ல. ஆக, மலைமேல் கடிபட்டவருக்கும் அடிவாரத்தில் கடிபட்டவருக்கும் ஒரே சிகிச்சை பொருந்துமா என்ற கேள்வி இங்கே ஏட்டுக் கேள்வி இல்லை. எந்த இனம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று குறித்துக் கொடுத்தாலே மருத்துவருக்கு அது உதவி.

அப்புறம், சேர்வராயனுக்கே உரிய ஒரு பாம்பும் உண்டு. யூரோபெல்டிஸ் ஷார்ட்டி என்ற கேடயவால் பாம்பு. மண்ணுக்குள் வாழும், மண்புழு தின்னும், யாரையும் எதுவும் செய்யாது. தலை கூராக இருக்கும். வால் நுனியை வெட்டி எறிந்தாற்போல் மொட்டையாக்கி ஒரு சொரசொரப்பான தட்டை ஒட்டிவைத்த மாதிரி தெரியும், அதில் எப்போதும் மண் அப்பியிருக்கும். 1863-இல் பெட்டோம் என்ற ராணுவ அதிகாரி இதை விவரித்து, ஜான் ஷார்ட் என்பவரின் பெயரைச் சூட்டினார். அந்த ஷார்ட் ஒரு மருத்துவர், சென்னை மாகாணத்தில் அம்மை குத்தும் பணிக்குத் தலைமை தாங்கியவர். மருத்துவமும் பிராணி ஆராய்ச்சியும் ஒரே ஆளிடம் இருந்த காலம்! நெடுங்காலம் வேறோர் இனத்தோடு சேர்த்து எண்ணப்பட்டு, அண்மையில்தான் இது தனி இனமாக மறுபடி ஏற்கப்பட்டது. மழை விட்ட காலையில் சாலையில் நசுங்கிக் கிடப்பதைப் பார்த்தால் பெரிய மண்புழு என்றுதான் நினைத்துக் கடந்துபோவீர்கள்.

பாம்பைப் பிடிக்கலாமா?

கூடாது. 1972-ஆம் ஆண்டு வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குள் பிடிப்பதும் பொறி வைப்பதும் அடக்கம். 2022-இல் சட்டத்தைத் திருத்திப் பட்டியல்களை மாற்றியமைத்த பிறகும் இதில் தளர்வு எதுவும் இல்லை. ஆய்வுக்காகப் பிடிக்க வேண்டுமானால் தலைமை வனஉயிர்க் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஆறு மாத ஆய்வில் அந்த அனுமதிக்குக் காத்திருந்தே காலம் போய்விடும்.

'நான் ரெஸ்க்யூ பண்ணுவேன் சார், பழக்கம் இருக்கு' என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பையன் வந்து நிற்பான். வேண்டாம் தம்பி. பாம்பு பிடிப்பவர்களே கடிபட்டு இறப்பது நமக்குப் புதுச் செய்தி இல்லை.

பிடிக்காமல் என்னதான் ஆய்வு செய்வது?

சாலையில் அடிபட்டுச் சாகும் பிராணிகளைக் கணக்கெடுப்பது நல்ல தொடக்கம். ஏற்காட்டுக்கு இரண்டு வழி இருப்பது நமக்கு ஒரு வசதி. அடிவாரம் வழியாக ஏறும் பழைய மலைப்பாதை ஒன்று, குப்பனூர் வழி மற்றொன்று. போக்குவரத்து இரண்டிலும் ஒரே அளவு இல்லை, காடும் ஒரே மாதிரி இல்லை. ஒவ்வொரு சாலையிலும் இரண்டு கிலோமீட்டரை மட்டும் தேர்ந்தெடுங்கள். விடிந்ததும் நடந்தே போய்ப் பாருங்கள். பைக்கில் போனால் கேடயவால் பாம்பு, தவளை, சிறு பல்லி எதுவும் கண்ணில் படாது, சாரையும் உடும்பும் மட்டும்தான் கணக்கில் வரும். அப்புறம் 'இந்தச் சாலையில் பெரிய பிராணிகளே அதிகம் சாகின்றன' என்று தப்பான முடிவை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுப்பீர்கள்.

காலை ஏழரை மணிக்குப் பிறகு போவதும் வீண். காக்கையும் நாயும் முந்திவிடும். வார நாள், வார இறுதி இரண்டிலும் போக வேண்டும், ஏனென்றால் சனி ஞாயிறுகளில் ஏற்காட்டுக்கு ஏறும் வண்டிக்கூட்டம் தனி ரகம். மே மாதக் கோடை விழாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முந்தின இரவு மழை பெய்ததா என்று குறிப்பது மறந்துவிடக் கூடாத ஒன்று. பார்த்ததைப் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். முதுகு, வயிறு, தலை, வால் என்று நான்கு கோணம், கூடவே செல்பேசியில் இடக்குறிப்பு. வளைவான சாலை, வேகமாக வரும் வண்டி, மூடுபனி என்று ஆபத்து உங்களுக்கும் உண்டு. இருவராகப் போங்கள், ஒளி பிரதிபலிக்கும் மேல்சட்டை போடுங்கள். காட்டுமாடு நின்றால் நீங்களும் நின்றுவிடுங்கள், அது போகும்வரை உங்களுக்கு வேலை இல்லை.

இன்னொரு வழி, மக்கள் எடுத்து வைத்திருக்கும் படங்களைச் சேகரிப்பது. எஸ்டேட் கண்காணிப்பாளர், பால்காரர், ஜீப் ஓட்டுநர் என்று எல்லோர் செல்பேசியிலும் இரண்டு பாம்புப் படமாவது இருக்கும். தேதியும் இடமும் கேட்டு வாங்கினால் நான்கு வார இறுதிகளில் நீங்கள் நடந்து பார்ப்பதைவிட அதிகம் சேரும். தனியார் தோட்டத்துக்குள் கால் வைக்க உரிமையாளரிடமும், காப்புக்காட்டுக்குள் போக வனத்துறையிடமும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

செத்த பாம்பைக் கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்து வரலாமா?

செத்ததும் அரசின் சொத்துதான். அனுமதிக் கடிதம் கையில் இல்லாவிட்டால் படம் எடுத்துவிட்டு அங்கேயே விட்டு வாருங்கள்.

நான் நர்சிங் மாணவி. 'பாம்புக்கடி முதலுதவி பற்றிய விழிப்புணர்வு' என்ற தலைப்பு போதுமா?

போதும், தேர்வில் பாஸாக. ஆனால் ஒரு நர்சிங் கல்லூரியின் நூலகத்தில் போய் நின்றால் இந்தத் தலைப்பில் ஓர் அலமாரியே இருக்கும். நூறு கல்லூரி மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுப்பது, ஒரு வகுப்பு எடுப்பது, மறுபடி அதே கேள்வித்தாள், மதிப்பெண் ஏறியது, வகுப்பு பயனுள்ளது என்று முடிப்பது. வகுப்பெடுத்த மறுவாரம் மதிப்பெண் ஏறாமல் என்ன செய்யும்? அந்த நூறு பேரில் யாருடைய வீட்டில் கடி நடந்தாலும் அவர்கள் வேறு மாதிரி நடந்துகொள்வார்களா என்பது அதிலிருந்து தெரியாது.

அதைவிட, நீங்கள் பயிற்சிக்குப் போகும் வார்டிலேயே ஒரு நடைமுறையைக் கவனியுங்கள். எடுத்துக்காட்டுக்கு 20 நிமிட ரத்த உறைதல் சோதனை. கடிபட்டு வருபவரிடம் சில மில்லி ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துவிட்டு ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார்கள். இன்னும் தண்ணீராக ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியனின் நஞ்சு ரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுத்துவிட்டது என்று பொருள். இயந்திரம் தேவையில்லை, மின்சாரம் தேவையில்லை, கிராமத்து சுகாதார நிலையத்திலும் செய்யலாம். ஆனால் குழாய் கண்ணாடியாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் ரத்தம் சரியாக உறையாது. புதிதாக, சுத்தமாக, ஈரமில்லாமல் இருக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிய குழாய் என்றால் நல்ல ரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றிவிடும். முதல் சோதனையில் உறைந்துவிட்டது என்பதோடு விட்டுவிடவும் கூடாது. நஞ்சு மெதுவாக ஏறலாம் என்பதால் குறிப்பிட்ட இடைவெளிகளில் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறது தேசிய நெறிமுறை.

இப்போது உங்கள் ஆய்வுக் கேள்விகளைப் பாருங்கள். அவசரப் பிரிவில் அந்தக் கண்ணாடிக் குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? 20 நிமிடத்தைக் கடிகாரம் பார்த்துக் கணக்கிடுகிறார்களா, உத்தேசமாகவா? இரவுப் பணியில் ஒரே நர்ஸ் இருக்கும்போது இரண்டாவது, மூன்றாவது சோதனை நடக்கிறதா? கேஸ் ஷீட்டில் நேரம் எழுதப்படுகிறதா? இதற்கு நூறு பேர் வேண்டாம். யாரையும் குற்றம் சொல்லும் தொனி இல்லாமல் எழுதிக்கொடுத்தால் அந்த வார்டே உங்களுக்கு நன்றி சொல்லும். முடிவைப் பார்த்து நாளைக்கே ஒரு டப்பா குழாய் வாங்கி வைக்க முடியும்.

கிராமத்தில் போய்க் கேட்கும் கேள்விகளை எப்படி அமைப்பது?

'பாம்பு கடித்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்வீர்களா?' என்று கேட்டால் எல்லோரும் 'ஆமாங்க' என்பார்கள். வெள்ளைச் சட்டை போட்டு, அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வந்த பிள்ளைக்கு வேறென்ன சொல்வார்கள்?

நடந்ததைக் கேளுங்கள். 'கடைசியா உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ யாரைப் பாம்பு கடிச்சதுங்க? அன்னைக்கு என்ன நடந்துச்சு, முதல்ல இருந்து சொல்லுங்க' என்று தொடங்குங்கள். அப்புறம் பேசாமல் இருங்கள். அவர்கள் சொல்லி முடித்த பிறகு ஒரு தாளில் கோடு போட்டு நேரத்தை அடுக்கலாம். கடி எப்போது? யாரிடம் முதலில் சொன்னார்கள்? அந்த இடத்தில் செல்பேசி எடுத்ததா? கயிறு கட்டினார்களா, எங்கே? வைத்தியரிடம் போனார்களா, அங்கே எவ்வளவு நேரம்? வண்டி யாருடையது? முதலில் போன இடத்தில் மருந்து இருந்ததா, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்களா?

மணி கேட்டால் பலருக்குத் தெரியாது. 'பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வந்த நேரமா?', 'கடைசி பஸ் போயிடுச்சா?', 'காப்பிப்பழம் எடை போட்டு முடிச்சிருந்தாங்களா?' என்று கேட்டால் அரை மணி நேரத் துல்லியத்துக்குள் சொல்லிவிடுவார்கள். இப்படி ஒரு இருபது கதையை அடுக்கிவைத்தாலே தாமதம் எங்கே நடக்கிறது என்று தெரிந்துவிடும். நம்பிக்கையினால் தாமதமா, வண்டி இல்லாததாலா, போன இடத்தில் மருந்தில்லாமல் அலைந்ததாலா என்பது மூன்றும் வெவ்வேறு. மூன்றுக்கும் தீர்வும் வெவ்வேறு. 'மலைமக்களிடம் விழிப்புணர்வு இல்லை' என்று ஒரே வரியில் எழுதும் ஆய்வுகள் எனக்கு எரிச்சலைத் தருவது இதனால்தான்.

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். பிழைத்தவர்கள்தான் உங்களிடம் பேசுவார்கள். 2001 முதல் 2003 வரையிலான இறப்புகளை வீடுவீடாக விசாரித்த ஒரு தேசிய ஆய்வில், பாம்புக்கடியால் இறந்தவர்களில் 23 சதவீதம் பேர்தான் மருத்துவமனையில் இறந்தவர்கள் என்று தெரிந்தது. அதனால் 'கடிபட்டு யாராவது தவறிப்போனாங்களா' என்றும் கேட்க வேண்டும். மெதுவாக, கடைசியில்.

எந்தப் பாம்பு கடித்தது என்று அவர்கள் சொல்வதை நம்பலாமா?

பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் பெயரில் உறவு, நஞ்சில் இல்லை. முதலாவது நரம்பைத் தாக்கும். இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து இமை தூக்க முடியாமல் கிடப்பார்கள். இரண்டாவது ரத்தத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், கடித்த இடம் வீங்கிக் கொதிக்கும். பேச்சில் இரண்டும் வெறும் 'விரியன்' ஆகிவிடும்.

படத்தொகுப்பு ஒன்று தயாரித்துக் கொண்டுபோங்கள். நஞ்சுள்ளதும் இல்லாததும் கலந்து இருக்கட்டும். கட்டுவிரியனோடு எப்போதும் குழப்பப்படும் ஓநாய்ப் பாம்பு கட்டாயம் வேண்டும். கட்டுவிரியனுக்குக் கழுத்தை ஒட்டிய பகுதியில் வெள்ளை வளையம் மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும், ஓநாய்ப் பாம்புக்குக் கழுத்திலிருந்தே பட்டை தொடங்கி வாலை நோக்கி மங்கும். கண்ணாடி விரியன் என்று அடித்துக் கொல்லப்படும் மண்ணுளிப் பாம்பும் இருக்கட்டும். கூடவே இந்தியாவிலேயே இல்லாத ஒரு பாம்பின் படத்தையும் செருகி வையுங்கள். அதையும் 'எங்க தோட்டத்துல நிறைய இருக்கு' என்று சொல்பவரின் மற்ற பதில்களை எவ்வளவு நம்புவது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எத்தனை பேரிடம் கேட்க வேண்டும்?

வழிகாட்டி கேட்பார் என்பதற்காக 'மாதிரி அளவு 384' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். 5 சதவீதப் பிழையோடு ஒரு விகிதத்தை மதிப்பிட வேண்டியிருந்தால் வரும் எண் அது. 10 சதவீதப் பிழை போதுமென்றால் 96. நேரக்கோடு போட்டுக் கதை கேட்கும் ஆய்வுக்கு இரண்டுமே தேவையில்லை. புதிதாக ஒன்றும் வரவில்லை என்ற நிலை வரும்வரை கேட்டால் போதும், பெரும்பாலும் இருபது முப்பதுக்குள் நின்றுவிடும்.

சின்ன எண்ணிக்கையைப் பெரிதாகக் காட்டாமல் இருந்தால் சரி. 20 பேரில் 10 பேர் கயிறு கட்டினார்கள் என்றால் அப்படியே எழுதுங்கள். '50 சதவீதம்' என்று எழுதி வட்டப்படம் போட வேண்டாம். அந்தப் பத்தை வைத்து ஊர் முழுவதற்கும் கணக்குப் போட்டால் உண்மை 30 முதல் 70 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்.

யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

மனிதர்களிடம் கேள்வி கேட்பதாக இருந்தால் முதலில் நெறிமுறைக் குழு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி அந்தக் குழுவில் 7 முதல் 15 பேர் இருக்க வேண்டும், தலைவர் அந்த நிறுவனத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும். உங்கள் கலைக்கல்லூரியில் அப்படியொரு குழு இல்லையென்றால் குழு வைத்திருக்கும் வேறு நிறுவனத்தை அணுகலாம். இது தரவு சேகரிக்கத் தொடங்குவதற்கு முன்னால் நடக்க வேண்டியது. எல்லாம் முடித்துவிட்டுப் பின்தேதியில் சான்று கேட்டு அலைபவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு உதவ முடியாது.

ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாவட்ட சுகாதார அலுவலர். ஏற்காடு அரசு மருத்துவமனை மாதிரி இடங்களுக்கு நலப்பணிகள் இணை இயக்குநர். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் அந்தக் கல்லூரியின் முதல்வர் (டீன்). ஊராட்சித் தலைவரிடம் அனுமதி என்று சட்டம் எதுவும் கேட்காது, ஆனால் அவரிடம் சொல்லாமல் ஊருக்குள் கேள்வித்தாளோடு நுழைவது மரியாதையும் இல்லை, புத்திசாலித்தனமும் இல்லை.

ஒப்புதல் படிவம் தமிழில், சத்தமாகப் படித்தால் புரிகிற தமிழில் இருக்கட்டும். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களிடம் கைரேகை வாங்கும்போது சம்பந்தமில்லாத ஒரு சாட்சி வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல், கூடவே பிள்ளையின் சம்மதமும்.

நாட்டு வைத்தியர்களிடம் பேசலாமா? பச்சிலை பெயர் கேட்டால் சொல்வார்களா?

பேசுங்கள், கண்டிப்பாகப் பேசுங்கள். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் விஷக்கடிக்கு மருந்து தரும் பெரியவர்கள் இருக்கிறார்கள். கடிபட்டவர் முதலில் அங்கே போகிறார் என்றால் உங்கள் நேரக்கோட்டில் அவர் முக்கியமான ஆள். மருந்தைப் பற்றித் தோண்டுவதைவிட, 'எந்த நிலைமையில வர்றவங்களைக் கீழ அனுப்பிடுவீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். இமை தொங்கினால், பல் ஈறில் ரத்தம் வந்தால் நாங்களே ஜீப் பிடித்து அனுப்பிவிடுவோம் என்று ஒரு வைத்தியர் சொன்னால், அது உங்கள் ஆய்வின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பாக இருக்கக்கூடும். அவரைப் பகையாக்காமல் அந்த இடத்திலேயே நேரத்தைச் சுருக்க வழி கிடைக்கிறது.

மூலிகைப் பெயரைச் சொல்ல மறுத்தால் விட்டுவிடுங்கள். அது அவர் குடும்பத்து அறிவு. சொன்னாலும் வெளியிட அனுமதி கேளுங்கள். பாரம்பரிய அறிவின் பயனை அதை வைத்திருப்பவர்களோடு பகிர வேண்டும் என்பது 2002-இல் வந்த உயிரியல் பன்மைச் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. நான்கு செடிப் பெயரையும் 'பாம்பு நஞ்சை முறிக்கும்' என்ற ஒரு வரியையும் போட்டுக் கட்டுரை எழுதுவது மோசமான காரியம். பெரும்பாலான கடிகளில் நஞ்சில்லாத பாம்போ, நஞ்சு இறங்காத கடியோதான் இருக்கும். எதைக் கொடுத்தாலும் அவர்கள் பிழைத்திருப்பார்கள்.

பேட்டியின்போது தவறான முதலுதவியைச் சொன்னால் திருத்தலாமா?

பேட்டி முடியும்வரை வேண்டாம், நடுவில் திருத்தினால் அடுத்த பதில் உங்களுக்குப் பிடித்த பதிலாகத்தான் வரும். முடித்ததும் சொல்லாமல் வராதீர்கள். கடித்த கையையோ காலையோ சிம்பு வைத்து அசையாமல் வைக்கவும், வளையல், மோதிரம், மெட்டியைக் கழற்றவும், நடக்கவிடாமல் தூக்கிச் செல்லவும் சொல்லுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, சாராயம் கொடுப்பது எதுவும் வேண்டாம். பாம்பைத் தேடி அடித்து எடுத்துவர நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், மருத்துவர் அறிகுறியைப் பார்த்தே சிகிச்சை தருவார். 108-க்கு அழைக்கலாம், ஆனால் வளைவுகளில் ஏறி வர நேரமாகும் என்று தோன்றினால் வேறொரு வண்டியில் மலையிறங்கிப் பாதி வழியில் ஆம்புலன்ஸைச் சந்திக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

இதையே உங்களுக்கும் சொல்கிறேன். களத்துக்கு முழங்கால்வரை மறைக்கும் பூட்ஸ், டார்ச், உடன் ஒருவர் இல்லாமல் போகாதீர்கள். எந்த மருத்துவமனையில் அன்று மருந்து இருக்கிறது என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மருத்துவமனைப் பழைய பதிவேடுகளை மட்டும் வைத்து ஆய்வு செய்யலாமா?

செய்யலாம். விபத்துப் பதிவேட்டில் 'தெரியாத பூச்சிக்கடி' என்று எழுதப்பட்டவற்றை விட்டுவிடாதீர்கள். இரவில் கடித்த கட்டுவிரியன் பல சமயம் அங்கேதான் ஒளிந்திருக்கும். பெயர், முகவரி, கைபேசி எண் எதையும் உங்கள் நோட்டில் எடுக்காதீர்கள். கிராமப் பெயர், வயது, மாதம், வந்த நேரம், கொடுத்த குப்பிகளின் எண்ணிக்கை போதும்.

எனக்குப் பாம்பு என்றாலே பயம். வேறு தலைப்பு உண்டா?

பல்லி இருக்கிறதே! ஏற்காட்டின் பெயரையே தாங்கிய நெமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ் என்ற பகலில் திரியும் சிறு பல்லி 2000-இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. பாறையிலும் சுவரிலும் எங்கெங்கே, எந்த நேரத்தில் இருக்கிறது என்று பார்த்து எழுதினாலே நல்ல ஆய்வு. சுகாதாரப் பக்கம் என்றால் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல். எலிகளின் மேல் வாழும் சிறு உண்ணிப்பூச்சிகள் கடித்து வருவது, கடித்த இடத்தில் சிகரெட் சுட்ட தழும்பு போலக் கறுத்த பொருக்கு இருக்கும். அந்தப் பொருக்கைத் தேடி உடம்பைப் பார்க்கும் வழக்கம் காய்ச்சல் பிரிவில் இருக்கிறதா என்பது ஒரு நர்சிங் மாணவிக்கு அருமையான கேள்வி. எலிப்பொறி மட்டும் நீங்களாக வைக்காதீர்கள்.

முடிவை எங்கே வெளியிடுவது?

பணம் கட்டினால் மூன்றே நாளில் வெளியிடுகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வரும் இதழ்களுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு தன் இதழ்ப் பட்டியலை 2025-இல் கைவிட்டுவிட்டதால், எந்த இதழ் நல்லது என்று நாமேதான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசியாக வந்த இரண்டு இதழ்களைத் திறந்து கட்டுரைகளைப் படித்தாலே தரம் தெரியும். பிராணிகள் பற்றிய பதிவுகளைப் படத்தோடு ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத் தளத்தில் ஏற்றுங்கள். அரிய இனமானால் துல்லியமான இடத்தை மறைத்து வைக்கும் வசதி அதில் உண்டு, மறக்காமல் பயன்படுத்துங்கள்.

கட்டுரை வருகிறதோ இல்லையோ, இரண்டு பக்கத்தில் தமிழில் ஒரு சுருக்கம் எழுதி நான்கு இடத்துக்குக் கொடுத்துவிடுங்கள்: நீங்கள் பார்த்த சுகாதார நிலையம், ஊராட்சி அலுவலகம், வனச்சரக அலுவலகம், உங்களிடம் பேசிய வைத்தியர். பேசியவர்களின் அடையாளம் தெரியாதபடி எழுதுங்கள். ஜூன் மாத மழைக்கு முன்னால் கொடுத்தால் நல்லது, இறப்புகளில் பாதி ஜூன் முதல் செப்டம்பர் வரை நடப்பவை.